குடல் பாக்டீரியாவும் இதயமும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை மாதாமாதம் வாங்க வருகிறவர்கள்தான் எங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள். முன்பெல்லாம் "இத சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "குடல சுத்தம் பண்ணிட்டா ஹார்ட் அட்டாக்கே வராதாமே, நிஜமா?" என்கிறார்கள்.

நல்ல கேள்விதான். ஆனால் பின்னால் நாலு பேர் காத்திருக்கும்போது நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. போன தைப் பொங்கலுக்குப் பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர், ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலைக் குழாய்) வைத்தவர், இணையத்தில் வாங்கிய ஏதோ ஒரு குடல் கேப்சூலை நம்பி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மூன்று வாரம் நிறுத்திவிட்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன்.

வயிறு எங்கே, நெஞ்சு எங்கே? குடலில் இருக்கிற கிருமிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று 2016ல் கணக்குப் போட்டார்கள். நம் சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவுதான், சுமார் 30 லட்சம் கோடி. அத்தனையையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூட வராது. பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. "கிருமி" என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை நம்மோடு சேர்ந்து வாழ்பவை.

நாம் சாப்பிட்டதில் சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சுவது இவற்றுக்குச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுச் சில பொருள்களை வெளியே விடுகின்றன. அந்தப் பொருள்கள் குடல் சுவர் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்குப் போய், பிறகு உடம்பு முழுவதும் சுற்றுகின்றன. சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. பாக்டீரியா நேராக இதயத்துக்குப் போவதில்லை, அது உண்டாக்கும் பொருள் போகிறது. சில பொருள்கள் ரத்தக் குழாய்க்கு நல்லது செய்கின்றன, சில கெடுதல் செய்கின்றன என்று சந்தேகப்படுகிறார்கள். எது கூடும், எது குறையும் என்பதைத் தீர்மானிப்பதில் நம் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

"டி.எம்.ஏ.ஓ." என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

இந்த விஷயம் முழுவதும் பெரிதாகப் பேசப்படக் காரணமே அதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முட்டை மஞ்சள் கருவிலும் ஈரலிலும் கோலின் என்ற சத்து நிறைய உண்டு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியில் கார்னிட்டின் உண்டு. இரண்டுமே உடம்புக்கு வேண்டியவைதான். ஆனால் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் இவற்றை உடைத்து ட்ரைமெத்தில் அமைன் என்ற ஒன்றை உண்டாக்குகின்றன. கெட்டுப்போன மீனில் ஒரு நாற்றம் வருமே, அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருள் இது. கல்லீரல் இதை வாங்கி, நாற்றமில்லாத டி.எம்.ஏ.ஓ. ஆக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. (அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே கல்லீரலில் இப்படி மாற்றுகிற நொதி, அதாவது அந்த வேலையைச் செய்யும் புரதம், வேலை செய்யாது. அவர்கள் வியர்வையிலும் மூச்சிலும் மீன் வாடை வரும். எவ்வளவு குளித்தாலும் போகாது. பாவம், சுத்தமில்லாதவர்கள் என்று ஊர் பேசும். அது அவர்கள் குற்றமே இல்லை.)

அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் என்ற மருத்துவரின் குழு 2011ல் இதை இதய நோயோடு இணைத்துக் காட்டியது. 2013ல் 4,007 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட, மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக நேர்ந்தன. அதே ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வேகவைத்த முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், டி.எம்.ஏ.ஓ. ஏறியது. ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி முட்டை கொடுத்தபோது கிட்டத்தட்ட ஏறவே இல்லை. மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்துக் கொடுத்தால் பழையபடி ஏறியது. ஆக, வேலையைச் செய்வது பாக்டீரியாதான் என்பது உறுதியானது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை டி.எம்.ஏ.ஓ. சட்டென்று ஒட்டிக்கொள்ளத் தூண்டுகிறது என்று 2016ல் கண்டார்கள். ரத்தக் கட்டி உருவாவதன் முதல் படி அதுதானே.

சரி, இதோடு கதை முடிந்துவிடவில்லை. டி.எம்.ஏ.ஓ. கூடுவதால் நோய் வருகிறதா, அல்லது நோய் இருப்பதால் அது கூடுகிறதா? சிறுநீரகம் பழுதானால் வெளியேற வழியில்லாமல் இது ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதய நோயும் அதிகம். மரபணுக்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு, சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும்தான் டி.எம்.ஏ.ஓ.வை ஏற்றுகின்றன என்ற பக்கம் சாய்கிறது. அதனால் இதை "குற்றவாளி" என்று முடிவு கட்டாமல், "பலமான சந்தேகத்துக்கு உரியது" என்ற அளவில் வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

அப்போ கறியும் முட்டையும் விட்டுடணுமா?

விட வேண்டாம், அளவு வேண்டும். 2019ல் வந்த ஒரு ஆய்வில் 113 பேருக்கு ஒரு மாதம் தினமும் சிவப்பு இறைச்சி, ஒரு மாதம் கோழி போன்ற வெள்ளை இறைச்சி, ஒரு மாதம் பருப்பு வகை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு இறைச்சி சாப்பிட்ட மாதத்தில் டி.எம்.ஏ.ஓ. சுமார் மூன்று மடங்கு. நிறுத்திய ஒரு மாதத்துக்குள் இறங்கிவிட்டது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, தினமும் தின்றால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது என்பதைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டிய செய்தி இது இல்லை. வாரம் நாலு நாள் பைபாஸ் ஓட்டலில் மட்டன் பிரியாணி சாப்பிடும் லாரிக்காரத் தம்பிகள் யோசிக்க வேண்டிய செய்தி.

முட்டையைப் பொறுத்தவரை, சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் ஏறினாலும், முழு முட்டையாகத் தினமும் சாப்பிட்டுவந்தால் பலருக்கு டி.எம்.ஏ.ஓ. நிலையாகப் பெரிதாக ஏறுவதில்லை என்றும், அதே கோலினை மாத்திரையாக விழுங்கினால் நன்றாக ஏறுகிறது என்றும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. வளரும் பிள்ளைக்கு முட்டையை மறுக்காதீர்கள்.

ஒகேனக்கல் மீன் சாப்பிடலாமா? மீனில்தான் அது அதிகம் என்கிறார்களே?

தாராளமாகச் சாப்பிடலாம். கடல் மீன்களின் உடம்பிலேயே டி.எம்.ஏ.ஓ. நேரடியாக இருக்கிறது, உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்கு அது அவற்றுக்குத் துணை. ஒகேனக்கல்லிலும் கிருஷ்ணகிரி அணையிலும் பிடிக்கும் ஆற்று மீன், ஏரி மீனில் அது மிகக் குறைவு. கடல் மீன் சாப்பிட்டால் ரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. ஏறத்தான் செய்கிறது. ஆனால் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவு என்றுதான் வருடக்கணக்கான ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு உணவை நல்லது, கெட்டது என்று பிரிக்கக்கூடாது என்பதற்கு மீனே போதும்.

என்ன, அருவிக்கரையில் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்கிறார்கள். அங்கே என் கவலை மீன் மேல் இல்லை, எண்ணெய் மேல்தான். குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள்.

ராகிக் களி நல்லதா? நல்லது என்றால் ஏன்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்த சாப்பாடு நார்ச்சத்து. நம்மால் செரிக்க முடியாத அந்த நாரை அது புளிக்க வைத்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று சிலவற்றைத் தருகிறது. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருள். சுவர் உறுதியாக இருந்தால் பாக்டீரியாவின் தோலில் உள்ள நச்சுத் துண்டுகள் ரத்தத்துக்குள் கசியாது. கசிந்தால் உடம்பில் காய்ச்சல் தெரியாத ஒரு மெல்லிய அழற்சி வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவதற்கு அந்தப் புகைச்சல் துணை போகிறது. புரொப்பியோனேட் என்ற இன்னொரு அமிலம் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

நார் இன்னொரு வழியிலும் உதவுகிறது. கொழுப்பைச் செரிக்க, கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்தநீர் அமிலங்களைச் செய்து குடலுக்கு அனுப்புகிறது. பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். கரையும் நார் அதில் கொஞ்சத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிட்டால், கல்லீரல் புதிதாகச் செய்ய ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். இசப்கோல் என்ற நார்த் தூளைச் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைவது இப்படித்தான். (இசப்கோல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.)

இப்போது நம் தட்டுக்கு வருவோம். நூறு கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. சாமையில் 7 கிராமுக்கு மேல், கொள்ளிலும் அப்படியே. 2019ல் உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து சாப்பிடுகிறவர்களுக்கு, குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிட, இதய நோயால் ஏற்படும் சாவும் மொத்தச் சாவும் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, ஒரு கரண்டி கீரைக் கடைசல், மதியம் கொள்ளு ரசம் என்று சாப்பிட்ட வீட்டில் இந்த அளவு தானாகவே வந்துவிடும். ராகிக் கொல்லையில் ஊடுபயிராக அவரை போடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். கொல்லையில் சேர்ந்து விளைந்ததைத் தட்டிலும் சேர்த்தே சாப்பிட்டார்கள்.

பிறகு அரிசி வந்தது, களி "ஏழைச் சாப்பாடு" ஆனது. என் தலைமுறையில் விருந்தாளி வந்தால் களிப் பானையை மறைத்து வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2023ல் அரசு, முதற்கட்டமாக நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தது. வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் கெஞ்சியிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாவு மில்லில் நைசாக அரைத்துச் சலித்த ராகி மாவுக்கும் முழு ராகிக்கும் வித்தியாசம் உண்டு. சலிக்கும்போது தவிடு போய்விடும், நாரும் அதோடு போய்விடும். சலிக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ராகிதானே என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை, அதற்கு மேல் பசித்தால் குழம்பில் உள்ள கொட்டையும் கீரையும். இவ்வளவு நாள் நாரே சாப்பிடாதவர்கள் ஒரே நாளில் அதிகப்படுத்தினால் வயிறு உப்பும், வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள்.

பழைய சோறு, மோர், கூழ்?

மூன்றிலும் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் வரை போய் அங்கே உள்ள பாக்டீரியாவுக்கு நார் மாதிரியே உணவாகிறது. எல்லாம் நல்லதுதான்.

தொட்டுக்கொள்வதில்தான் சிக்கல். மாங்காய் நம் மாவட்டங்களின் செல்வம், கிருஷ்ணகிரிப் பக்கம் ஊறுகாய் போடாத வீடு குறைவு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது, ஒரு சிறு தேக்கரண்டி அளவு. பழைய சோற்றில் ஒரு கை உப்பு, கூடவே ஊறுகாய், பக்கத்தில் கருவாடு என்றால் காலை ஒன்பது மணிக்கே அந்தக் கணக்கு முடிந்துவிடும். உப்பு அதிகமானால் பிரஷர் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2017ல் எலிகளில் செய்த ஆய்வில், அதிக உப்பு குடலில் உள்ள லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாவையே குறைத்துவிட்டது. மோரில் சேர்வது ஒருபக்கம், உப்பில் போவது இன்னொரு பக்கம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தில் உள்ள நாரும் குடல் பாக்டீரியாவுக்குப் பிடித்ததுதான்.

குடல் பாக்டீரியா கேப்சூல் வாங்கினால் அடைப்பு கரையுமா?

கரையாது. மாரடைப்பைத் தடுக்கிறது என்று நிரூபிக்கப்பட்ட புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடைத்த) கேப்சூல் இன்றைக்கு எதுவும் இல்லை. வயிற்றுப்போக்குக்கும் வேறு சில தொந்தரவுகளுக்கும் டாக்டர்கள் எழுதுவார்கள், அது வேறு. நானே என் கடையில் அதை விற்கிறேன், அதனால் வியாபாரப் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

பாக்டீரியாவையே மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சைவ உணவுக்காரர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவை, உடல் பருமனும் சர்க்கரைக் கோளாறும் சேர்ந்திருந்த ஆண்களின் குடலில் செலுத்திப் பார்த்ததில் டி.எம்.ஏ.ஓ. உற்பத்தி குறையவில்லை. புதிதாகக் குடிவந்த பாக்டீரியாவுக்கும் பழைய சாப்பாட்டையே போட்டால் அது என்ன செய்யும்? பாக்டீரியாவைக் கொல்லாமல், ட்ரைமெத்தில் அமைன் செய்யும் அதன் நொதியை மட்டும் தடுக்கும் மருந்துகளை எலிகளில் முயன்று வருகிறார்கள். நான் ஆவலோடு காத்திருப்பது அதற்குத்தான்.

மலத்தை அனுப்பினால் குடல் ரிப்போர்ட் தருகிறார்களே, எடுக்கலாமா?

அந்தக் காசுக்கு சுகர், கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பார்த்துவிட்டு மீதியில் கீரையும் பயறும் வாங்கலாம். அந்த ரிப்போர்ட்டை வைத்து இதய நோய்க்கு வைத்தியம் செய்யும் முறை இன்னும் வரவில்லை.

கெட்ட பாக்டீரியாதானே காரணம்? ஆன்டிபயாட்டிக் போட்டுக் கொன்றுவிட்டால்?

இதை உலகம் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டது. ரத்தக் குழாய் அடைப்பில் ஒரு வகை பாக்டீரியா இருப்பதைப் பார்த்து, அதுதான் காரணம் என்று நம்பி, இதய நோயாளிகள் 4,012 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை அசித்ரோமைசின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். 2005ல் வந்த முடிவு: ஒரு பலனும் இல்லை. அதற்கு எதிர்ப்பக்கமும் பாருங்கள். அமெரிக்க செவிலியர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், 60 வயதுக்கு மேல் இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆன்டிபயாட்டிக் எடுத்த பெண்களுக்கு இதய நோய் 32 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2019ல் சொன்னார்கள். மருந்துதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, ஆனாலும் யோசிக்க வைக்கிறது. ஆன்டிபயாட்டிக் நல்லது கெட்டது பார்த்துக் கொல்வதில்லை.

சளி பிடித்தால் சீட்டு இல்லாமல் "அந்த மூணு நாள் மாத்திர குடுங்கண்ணா" என்று கேட்பார்கள். வைரஸ் சளிக்கு அது வேலையே செய்யாது. நான் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை, குடலுக்குக் கெடுதல் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

குடலைச் சரி செய்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முதல் மாரடைப்புக்கான காரணங்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்பது விஷயங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்றது. புகை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், பழம் காய்கறி போதாமை, உடல் உழைப்பின்மை, குடிப்பழக்கம் குறித்தவை. நம்மைப் போன்ற தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்பே வருகிறது என்பதும் அதில்தான் வந்தது. குடல் பாக்டீரியா இந்த ஒன்பதில் பலவற்றின் பின்னால் நின்று வேலை செய்யலாம். ஆனால் பீடியை விடாமல், பிரஷரைப் பார்க்காமல், கேழ்வரகுக் கூழ் மட்டும் குடித்தால் இதயம் தப்பாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அது உயிரை எடுக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை குடலைக் கெடுக்கும் என்று ஒரு பேச்சு நடக்கிறது. 2020ல் ஐரோப்பாவில் பார்த்தபோது, உடல் பருமன் உள்ளவர்களில் ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் சீர்கெட்ட குடல் பாக்டீரியாக் கூட்டம் குறைவாகவே இருந்தது.

காசு இல்லை, அலைய முடியாது என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ந்தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள். என் கடையில் வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை, மாத்திரை நிற்கக்கூடாது.

சாப்பிடும் மருந்தைக் குடல் பாக்டீரியா கெடுக்குமா?

சில மருந்துகளை மாற்றும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் டிகாக்ஸினைச் சிலருடைய குடலில் உள்ள ஒரு பாக்டீரியா செயலிழக்க வைத்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு வேறு எதற்காவது ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், அந்த பாக்டீரியா ஒடுங்கி, ரத்தத்தில் டிகாக்ஸின் திடீரென்று கூடிவிடலாம். அதனால் டிகாக்ஸின் சாப்பிடுகிறவர்கள் வேறு டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

பல் சொத்தைக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. குடல் வரை போகும் உணவுப் பாதை வாயில்தான் தொடங்குகிறது. இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு வாயில் உள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்து வால்வில் போய்த் தங்கிவிடலாம், ஆபத்தான நோய் அது. வால்வு மாற்றியவர்கள் பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வாயில் நல்லது செய்யும் பாக்டீரியாவும் இருக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் கொப்பளித்தபோது ரத்த அழுத்தம் சிறிதளவு ஏறியதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பல் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஓசூரில் ஜிம்முக்குப் போகும் என் பையன் கார்னிட்டின் பவுடர் சாப்பிடுகிறான்...

நிறுத்தச் சொல்லுங்கள் அக்கா. கறியிலிருந்து பாக்டீரியா எடுக்கும் அதே பொருளை டப்பாவில் வாங்கி விழுங்குகிறான். கறி சாப்பிடுகிறவர்கள் அதை மாதக்கணக்கில் எடுத்தால் டி.எம்.ஏ.ஓ. பல மடங்கு ஏறுகிறது. அவித்த கொண்டைக்கடலையும் முட்டையும் போதும்.

கிட்னி பழுது உள்ளவர்கள் இதையெல்லாம் பின்பற்றலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கீரை, பயறு, பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. கிட்னி வடிகட்டாவிட்டால் அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும்.

நெஞ்சில் வலி வந்தால் வாயுவா, ஹார்ட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. எனக்கும் முடியாது. டாக்டருக்கே ஈ.சி.ஜி. வேண்டும், சில நேரம் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு மாட்டுப் பொங்கல் அன்று இரவு நெஞ்சு அடைத்தது. மதியம் கறி கொஞ்சம் அதிகம், வாயுதான் என்று அவரே சொன்னார். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். ஏப்பம் வந்தது, "விட்டுடுச்சு" என்று கயிற்றுக் கட்டிலில் படுத்தார். விடிவதற்குள் போய்விட்டார். மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே அப்படி நடந்தது. மாரடைப்பிலும் ஏப்பம் வரும், வாந்தி வரும், மேல் வயிறு எரியும். இதயத்தின் அடிப்பக்கம் வயிற்றை ஒட்டியே இருக்கிறது, இரண்டின் வலியையும் மூளையால் எளிதில் பிரித்துப் பார்க்க முடியாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலும் களைப்புமாக வருவதும் உண்டு.

அதனால், நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இருந்தாலோ, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, உடனே 108. சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலைப் பக்கம் இருப்பவர்கள் வண்டி வரும்வரை காத்திருக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். "இதயம் காப்போம்" திட்டத்தில் 2023 முதல் முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள், அதைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நடந்து போகாதீர்கள், பைக்கில் தனியாக ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு இதயத் தசை மிஞ்சும்.

ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயு மாத்திரை கேட்டு என் கடைக்கு வந்தால் நான் மாத்திரை தரமாட்டேன். உட்கார வைத்து 108-க்குப் போன் போடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.